பழைய பேசும்படம் பார்க்க உட்கார்ந்தவர்கள் கேட்ட கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) மாதத்திற்கு ஒரு முறை ஜமுக்காளம் விரித்து, உறவினரும் அண்டை வீட்டாருமாக முப்பது பேர் வரை உட்கார்ந்து, 1930-களிலும் 40-களிலும் வெளிவந்த தமிழ்ப் பேசும்படங்களைப் பார்த்து வருகிறோம். படம் தொடங்கிப் பத்து நிமிடத்திற்குள் யாராவது ஓர் இளைஞர் வாய்விட்டுச் சிரிப்பார். அரை மணி நேரத்தில் ஒருவர் எழுந்து காப்பியைத் தேடிப் போவார். முடிந்தபின் முகப்புத் திண்ணையில் அதே ஐயங்கள் வேறு வேறு வாய்களிலிருந்து வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப் போனதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

பேசும்படம்னா எந்த வருஷத்துல இருந்து கணக்கு அண்ணே?

1931-ஆம் ஆண்டிலிருந்து. அவ்வாண்டு மார்ச் 14 அன்று இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வெளிவந்தது. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் நிறுவனமே எச்.எம். ரெட்டியின் இயக்கத்தில் ‘காளிதாஸ்’ என்ற படத்தை எடுக்க, அது அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் திரையிடப்பட்டது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்னார். ஆகவே அதை முதல் தமிழ்ப் பேசும்படம் என்பதும் சரி, முழுத் தமிழ்ப் படமன்று என்பதும் சரி.

காளிதாசன் கதைக்குள் தியாகராஜர் கீர்த்தனையும் காந்தியடிகளின் கைராட்டினத்தைப் புகழும் பாட்டும் இடம்பெற்றன. காலம் பொருந்தவில்லையே என்று அன்றைக்கு யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. திரை வாய் திறந்து பாடியது என்பதே போதுமானதாக இருந்தது. இந்தப் பக்கத்தில் ‘தொடக்ககாலம்’ என்று நான் குறிப்பதெல்லாம் அந்த ஆண்டு முதல் ஏறத்தாழ 1947 வரையிலான காலத்தை.

ஆம்பளைங்க மூஞ்சியில எல்லாம் ஏன் இப்படி மாவு அப்பியிருக்கு?

நாடக மேடையில் பூசிய அரிதாரத்தை அப்படியே பூசிக்கொண்டு வந்தார்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புருவம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழகிய பூச்சு, நான்கடி தொலைவில் இருக்கும் கேமராவுக்கு மிகையாகிவிட்டது.

ஏன் எல்லாரும் கத்திக் கத்திப் பேசுறாக? பக்கத்துல நிக்கிற பொண்டாட்டிகிட்டக்கூடவா?

அன்றைய நடிகர்களுள் பெரும்பாலோர் நாடகக் கம்பெனிகளிலும், வெவ்வேறு நடிகர்களை அந்தந்த நாளுக்கென அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களிலும் வளர்ந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கோயில் திருவிழாப் பந்தலில் ஆயிரக்கணக்கானோர் முன்பு, விடிய விடியக் குரல் கொடுத்துப் பழகியவர்கள். கதாநாயக வேடம் போடும் ராஜபார்ட் நடிகர் ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் பாடினால்தான் கடைசியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் காது குளிரும். அந்தத் தொண்டை ஸ்டூடியோவுக்குள் வந்தபோது, ‘இங்கே மெதுவாகப் பேசினால் போதும்’ என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

சொல்லிக்கொடுத்திருந்தாலும் முழுப் பயன் இருந்திருக்காது. அன்றைய ஒலிவாங்கிகள் மெல்லிய குரலை வாங்குவதில் தேர்ந்தவையல்ல. தாழ்ந்த குரலில் சொன்ன வசனம் இயந்திர இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். எனவே, மேடைப் பழக்கமும் கருவியின் குறையும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததால் உண்டான பேச்சு முறை இது. நாற்பதுகளில் கருவிகள் மேம்பட்டதும் அடுத்த தலைமுறை நடிகர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டதை நீங்களே கேட்டு உணரலாம்.

அம்பது பாட்டாமே? கதை எங்க சித்தப்பா போச்சு?

‘பவளக்கொடி’யில் (1934) ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இருந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் அதுவே முதல் படம், இயக்கிய கே. சுப்பிரமணியத்துக்கும் இயக்குநராக அதுவே முதல் படம். மேடையில் இருவரும் பாடிப் பாடிப் புகழ்பெற்ற நாடகத்தைத்தான் படமாக்கினார்கள். கதை பார்ப்பவருக்கு முன்பே தெரியும். அர்ச்சுனன் பவளக்கொடியை அடைவானா என்ற கவலையோடு ஒருவரும் கொட்டகைக்குப் போகவில்லை. அடைவதற்கு முன் என்னென்ன பாடுவான் என்பதே கேள்வி. நம் பக்கத்தில் வள்ளி திருமணம் நாடகம் பார்க்க இன்றைக்கும் கூட்டம் சேர்வதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

பாட்டுக்கு இருந்த மதிப்பை அறிய ஒரு செய்தி போதும். 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனா’ரில் நடிக்கக் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்தத் தொகை அவருடைய குரலுக்காகக் கொடுக்கப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது.

கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் இதோடு சேர்ந்தது. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், எல்லாப் பாடல்களின் வரிகள், இராகம், தாளம் என்று சில பக்கங்களில் அடங்கிய மெலிந்த புத்தகம். எங்கள் அப்பத்தா ஒரு படத்தைப் பார்க்காமலேயே, யாரோ வாங்கி வந்த பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதன் பாடல்களையெல்லாம் தெரிந்த மெட்டில் பாடியிருக்கிறார். படத்தைப் பின்னர் பார்த்தபோது ‘மெட்டை மாத்திப்புட்டாக’ என்று குறைபட்டுக்கொண்டாராம்.

ஆளு நடுவுல நட்டமா நின்னு நம்மளையே பார்த்துப் பாடுறாரே, கேமரா நகரவே நகராதா?

நகர்த்துவது கடினம். ஓடும் கேமராவின் சத்தம் ஒலிவாங்கியில் விழுந்துவிடும் என்பதால் அதை ஒரு கூண்டுக்குள் அடைத்தோ கனத்த போர்வைகளால் பொதிந்தோ வைத்தார்கள். ஒலிவாங்கியை நடிகருக்கு அருகில், ஆனால் படத்தில் தெரியாதபடி, மேலே தொங்கவிட்டோ பூச்செடிக்குப் பின்னால் ஒளித்தோ வைக்க வேண்டியிருந்தது. நடிகர் மூன்றடி விலகிப் போனால் குரல் போய்விடும். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுதான் பாட வேண்டும்.

நம்மைப் பார்த்தே பாடுவது மேடைப் பழக்கம். நாடகத்தில் நடிகர் சபையைப் பார்த்துத்தான் பாடுவார். ‘ஒன்ஸ்மோர்’ கேட்பதும் சபைதான். திரைக்கு வந்த பிறகும் சபை எதிரே இருப்பதாகவே அவர்கள் உடம்பு நம்பியது. ஒரே கோணத்தில் நான்கைந்து நிமிடம் ஓடும் ஒரு பாடலை நீங்கள் அலுப்பாகப் பார்க்கிறீர்கள். நான் அதில், வெட்டித் திருத்த வழியில்லாமல் ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தவறாமல் பாடியதைப் பார்க்கிறேன். இரண்டு பார்வையும் நியாயமானவைதான்.

அப்ப அவுகளேதான் பாடுறாகளா? பின்னாடி வேற ஆளு பாடலையா?

தொடக்கத்தில் அவர்களே, அதுவும் படம் எடுக்கும் அதே வேளையில். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் படச்சட்டத்துக்கு வெளியே ஒண்டி உட்கார்ந்து வாசிப்பார்கள். நதிக்கரையில் தனியாக அழுது பாடும் கதாநாயகிக்குத் திடீரென்று ஆர்மோனியம் கேட்பது இதனால்தான்.

ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் முறை தமிழில் 1938-இல் வெளிவந்த ‘நந்தகுமா’ரில் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. அதைத் தயாரித்தவர் நம் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், சிறுவன் கிருஷ்ணனாக டி.ஆர். மகாலிங்கம் அறிமுகமானதும் அதில்தான். பின்னர் ‘ஸ்ரீவள்ளி’யில் (1945) கதாநாயகி ருக்மணியின் பாடல்கள் நிறைவளிக்காததால் அவற்றை நீக்கிவிட்டுப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு, பாடத் தெரிந்தால்தான் கதாநாயகி என்ற கட்டாயம் மெல்லத் தளர்ந்தது. அதை முன்னேற்றம் என்று சொல்வார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பாடுகிற கழுத்தில் நரம்பு புடைப்பதைப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று.

‘பிராணநாதா’, ‘ஸ்வாமி’ன்னு என்ன தமிழ் இது? யாரு வீட்டுல இப்படிப் பேசுனாக?

யார் வீட்டிலும் பேசவில்லை. புராண நாடக மேடையில் வழங்கிய, வடமொழி கலந்த மணிப்பிரவாள நடை அது. அரசனும் முனிவனும் நம்மைப் போலப் பேசினால் மதிப்புக் குறையும் என்று எழுதியவரும் கேட்டவரும் நம்பினார்கள். சமூகக் கதைகள் வந்தபோதும் இந்த நடை எளிதில் விலகவில்லை.

திருப்பம் 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் தெரிகிறது. இளங்கோவன் எழுதிய வசனம் இலக்கியச் சாயலுள்ள தமிழாக இருந்தது. வசனகர்த்தா என்ற பெயருக்கே அவரால் மதிப்பு உண்டாயிற்று. கம்பரின் மகன் சோழ இளவரசி அமராவதியைக் காதலித்து உயிர்விடும் கதை என்பதால், எங்கள் வளவில் இந்தப் படத்துக்குத்தான் அதிகக் கூட்டம். கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டை நமக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. 1939 முதல் கம்பன் கழகம் நடக்கும் ஊர் இது. படத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் ‘அப்படியில்லை’ என்று திருத்த நான்கு பேராவது எப்போதும் இருப்பார்கள்.

எல்லாப் படத்தையும் கல்கத்தாவுல போயி எடுத்தாகளாமே, ஏன்?

ஒலிப்பதிவுக் கருவிகள் உள்ள ஸ்டூடியோக்கள் முதலில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கோலாப்பூரிலும்தான் இருந்தன. நடிகர், பக்கவாத்தியக்காரர், சமையல்காரர் என்று ஒரு கல்யாணக் கூட்டமே ரயிலேறிப் போய், மாதக்கணக்கில் தங்கிப் படத்தை முடித்துத் திரும்பும். கேமராவையும் ஒலிப்பதிவையும் கவனித்தவர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. நடிகர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டாலும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வாய் அசைந்ததா, குரல் பதிந்ததா என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. ‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனே தமிழ் அறியாத அமெரிக்கர். அப்படியிருந்தும் அவருடைய படங்களில் கேமரா மற்றவர்களுடையதைவிட உயிரோடு அசைகிறது. மொழி தெரியாததால் அவர் முகங்களை உற்றுப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

1934-இல் சென்னையில் ஏ. நாராயணன் தொடங்கிய ஸ்ரீனிவாசா சினிடோனில் ‘ஸ்ரீனிவாச கல்யாணம்’ உருவானபின் நிலைமை மாறத் தொடங்கியது. அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியின் முன் ஒரு பெண் அமர்ந்திருந்தார் என்பதை எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன்.

சென்னையில் எடுப்பதற்கும் ஒரு விலை இருந்தது. சூரிய ஒளியை நம்பித் திறந்தவெளியில் அரங்கம் அமைத்ததால், மேகம் வந்தால் வேலை நின்றது. காக்கை கரைந்தால் அதுவும் பதிவானது. ‘பவளக்கொடி’ எடுத்த இடத்தில் காக்கைகளைத் துப்பாக்கிச் சத்தத்தால் விரட்டுவதற்கென்றே ஓர் ஆளை அமர்த்தியிருந்ததாகத் திரைப்பட வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நம்ம ஊர்லயே ஸ்டுடியோ இருந்துச்சுன்னு ஆச்சி சொன்னாக. நெசமா?

உண்மைதான். 1907-இல் காரைக்குடியில் பிறந்த மெய்யப்பச் செட்டியார், 1932-இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வாணிகம் தொடங்கி, அதிலிருந்து படத்தயாரிப்புக்கு வந்தவர். கல்கத்தாவில் எடுத்த அவருடைய முதல் படமான ‘அல்லி அர்ஜுனா’ (1935) நட்டத்தில் முடிந்தது. அடுத்த ‘ரத்னாவளி’யும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. 1944-இல் கன்னட ‘ஹரிச்சந்திரா’வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டு, மொழிமாற்றுப் படத்துக்குத் தமிழில் வழிதிறந்தவரும் அவரே.

உலகப்போர்க் கால நெருக்கடிகளால் சென்னையில் தொழில் நடத்துவது சிரமமானபோது, அவருடைய ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடிக்கு வந்தது. தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த நாடகக் கொட்டகையை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் கீற்றுக் கொட்டகைகள் போட்டுப் படம் எடுத்தார்கள். 1947 சனவரியில், பொங்கலையொட்டி வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. நாடு விடுதலை அடைவதற்கு ஏழு மாதம் முன்னரே, டி.கே. பட்டம்மாள் குரலில் ‘ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்’ என்று பாரதி பாட்டுக்குக் குமாரி கமலா ஆடிய நடனம் நம் செம்மண்ணில் எடுக்கப்பட்டது. 1948-இல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்குப் போய்விட்டது.

கீற்றுக் கொட்டகையின் கீழ் ஒலிப்பதிவு செய்வது எப்படிப்பட்ட வேலை என்பதை மழை பெய்யும் நாளில் எங்கள் ஊர்க் கொட்டகை ஒன்றில் நின்று பார்த்தால் புரியும். நாடகக் கொட்டகையே ஸ்டூடியோவானது என்பதில், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு முத்திரை கிடைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

மூணு மணி நேரத்துக்கு மேல ஓடுது. நடுவுல சம்பந்தமே இல்லாம ஒரு காமெடி வேற.

ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓய்வெடுக்கும் நேரத்தில் கோமாளியான பபூன் வந்து சபையைப் பிடித்து வைத்திருப்பார். அந்த இடம் படத்திலும் அப்படியே நின்றது. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்துக்கொண்டு, பல படங்களில் அதை மூலக்கதையைவிடச் சுவையாக்கினார்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு கணக்கு. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 18,000 அடிப் படம் 200 நிமிடம். போர்க் காலத்தில் கச்சாச் சுருள் (இன்னும் படம் பதியாத புதுச் சுருள்) தட்டுப்பாட்டால் 1942-இல் அரசு 11,000 அடிக்கு மேல் கூடாது என்று வரம்பு விதித்தது. அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த ஆண்டுகளில் வந்த படங்களில் கதை திடீரென்று வேகமாக ஓடினால், இதையும் ஒரு காரணமாக எண்ணிப் பாருங்கள்.

சத்தம் கரகரன்னு இருக்கு, வாயும் பேச்சும் சேர மாட்டேங்குது. அன்னைக்கே இப்படித்தானா?

பாதி அன்றைக்கே, பாதி பின்னால் வந்தது. ஒலி என்பது சுருளின் ஓரத்தில் ஒளியால் வரையப்பட்ட ஒரு மெல்லிய தடம். அதில் விழுந்த தூசியும் கீறலும் அப்படியே சத்தமாகக் கேட்கும். நாம் பார்ப்பதோ பெரும்பாலும் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த பிரதி. மூலத்தில் இருந்த மெல்லிய இரைச்சல் ஒவ்வொரு படியெடுப்பிலும் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது.

வாய் சேராமைக்கு வேறொரு காரணம் உண்டு. ஒளிக்கற்றை விழும் இடமும் ஒலித்தடத்தைப் படிக்கும் இடமும் இயந்திரத்தில் வெவ்வேறு என்பதால், ஒரு படத்துக்குரிய ஒலி அதற்கு 20 சட்டங்கள் (ஃபிரேம்கள்) முன்னால் பதிந்திருக்கும். நொடிக்கு 24 சட்டம் என்றால் இது முக்கால் நொடிக்கு மேல். அறுந்த சுருளை ஒட்டும்போது அந்த இடத்தில் படம் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் வெட்டுப்படுகிறது. பிற்காலத்தில் பிரதி எடுத்தவர் இந்த இடைவெளியைச் சரியாக வைக்காவிட்டால், படம் முழுவதும் வாய் பின்தங்கும். அதற்காகப் பாகவதரைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

ஐயா, ரிகார்டுல கேட்ட சுருதியும் டிவியில கேட்ட சுருதியும் வேற வேறயா இருக்கே?

இதைக் கேட்டவர் நாகசுரக் கலைஞர் ஒருவரின் பேரன். அவன் காது சரியாகவே கேட்டிருக்கிறது. நம் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டம். 24 சட்டத்தில் எடுத்த படத்தை அப்படியே 25-இல் ஓட்டினால் 200 நிமிடப் படம் 192 நிமிடத்தில் முடியும். சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ஏற்கெனவே ஐந்து கட்டையில் பாடியவர் கீச்சிடுவதுபோலக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இசைத்தட்டுக்கென்று தனியாகப் பாடிப் பதிந்த பாடல்களும் உண்டு என்பதால், வேறுபாடு முழுவதையும் இதன் தலையில் கட்டிவிடக் கூடாது.

‘காளிதாஸ்’ படத்தை ஒருதரம் போடுங்களேன்.

முடியாது, அது கிடைக்கவில்லை. முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. சுருள்கள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த படத்துக்கு வருவாய் இல்லை என்றபோது, சுருளில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-இல்தான். முதல் பேசும்படம் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

படம் போனாலும் பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும் நின்றன. அவற்றைக் காத்தவர்களில் தலையாயவர் நம் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்து, நூல்களும் இதழ்களும் நாடக அறிவிப்புத் துண்டுத்தாள்களும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களுமாகச் சேர்த்து வைத்த அவருடைய தொகுப்பே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தையெல்லாம் சேர்க்கிறாரே என்று சிரித்தவர்கள் அன்று இருந்திருப்பார்கள்.

எங்க வீட்டுப் பரண்ல பழைய ரிகார்டும் ஒரு தகரப் பெட்டியும் கெடக்கு. என்ன செய்ய?

தகரப் பெட்டியில் படச்சுருள் இருந்தால் விளக்கு, அடுப்பு, வெயில் எதன் அருகிலும் திறக்க வேண்டாம். எந்த இயந்திரத்திலும் போட்டுப் பார்க்க வேண்டாம். காரணம் முந்தைய விடையில் இருக்கிறது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்துவிட்டு, ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

இசைத்தட்டு 78 சுற்று வகையானால் அது அரக்கால் ஆனது. ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். ஈரம் பிழிந்த மெல்லிய துணியே போதும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பிற்கால இசைத்தட்டுக்குரிய நுண்ணிய ஊசி இதன் அகன்ற பள்ளத்துக்குப் பொருந்தாது. பழைய கிராமபோன் பெட்டியிலேயே கேட்க விரும்பினால், ஒரு பக்கம் ஓடியதும் எஃகு ஊசியை மாற்றிவிட வேண்டும். வீட்டைப் பிரிக்கும்போது தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் பேரம் பேசும் நாம், இந்தப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

மனசைத் தொட்டுச் சொல்லுங்க சித்தப்பா: நல்லா இல்லாததை எல்லாம் ‘அழகு’ன்னு சமாளிக்கிறீங்களா?

சில இடங்களில் சமாளிக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கரடுமுரடும் அழகாகிவிடாது. அழுதே தீர்க்கும் பதிவிரதைக் கதைகள், தாழ்த்தப்பட்டவரையும் வேலைக்காரரையும் கேலிப்பொருளாக்கும் காட்சிகள், நெஞ்சில் கைவைத்து வெறுமனே நிற்கும் நடிகர்கள் ஆகியவற்றுக்கு அக்காலக் கருவியைக் காரணம் காட்ட முடியாது. அவை அன்றும் குறைகள்தான்.

ஆனால் ‘அம்பிகாபதி’யில் சபையில் நூறு பாட்டுப் பாடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். காதலைச் சொல்லாமல் நூறு பாட்டுப் பாடினால் இளவரசி அவனுக்கு. கடவுள் வாழ்த்தையும் கணக்கில் சேர்த்துவிட்டதால் ஒன்று குறைந்து, தலை போகிறது. முடிவு வளவில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அந்த இடத்தில் காப்பிக்கு எழுந்தவர்கூட நின்று பார்த்தார். படத்தொகுப்பின் விரைவோ பின்னணி இசையின் அதட்டலோ இல்லாமல், குரலும் முகமும் சொல்லும் மட்டுமே முப்பது பேரைப் பிடித்து நிறுத்தின. பாடி முடித்ததும் மூச்சு வாங்கும் ஓசையும், ஓரத்தில் ஆர்மோனியத் துருத்தி இழுபடும் ஓசையும் இந்தப் படங்களில் பதிந்து கிடக்கின்றன. துப்புரவான ஒலிப்பதிவு அவற்றை முதலில் நீக்கிவிடும். ஓர் இடத்தில், ஒரு நாளில், சிலர் கூடிச் செய்தார்கள் என்பதற்கு அவைதாம் சான்று. நான் அழகு என்று சொல்வது அதைத்தான்.

சரி, எதுல இருந்து தொடங்கலாம்?

காலவரிசைப்படி தொடங்க வேண்டாம், பின்னோக்கிப் போங்கள். முதலில் ‘சபாபதி’ (1941). பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். மந்தமான ஜமீன்தார் சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரனும், அதே பெயருள்ள வேலைக்காரராகக் காளி என். ரத்தினமும் நடித்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சிரிப்பு கெடவில்லை. அடுத்து பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944). சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அந்தக் காதோடு ‘அம்பிகாபதி’க்கு வந்தால் கூச்சம் இருக்காது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பார்க்காதீர்கள்; நீளத்தைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

இப்பத்தான் கம்ப்யூட்டர் இருக்கே, அந்த இரைச்சலை மொத்தமாத் தொடைச்சிட்டா என்ன?

என் தம்பி மகன் ஒரு பாட்டை அப்படித் துடைத்துக் கொண்டுவந்தான். கரகரப்பு போயிருந்தது, குரலும் பளிச்சென்று இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க ஏதோ ஒன்று குறைந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது தெரிந்தது: மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்ட மென்பொருள், கரகரப்போடு தம்புராவையும் சேர்த்துத் துடைத்திருந்தது. சுருதி இல்லாமல் குரல் மட்டும் அந்தரத்தில் நின்றது. கீறல் விழும் ‘டிக்’ ஓசைகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடாமல் திரும்பச் செய்து தரும்படி கேட்டிருக்கிறேன். இன்னும் கொண்டுவரவில்லை.